துப்பாக்கிக்குள் தேய்மானம்... எது சகஜம், எது ஆபத்து?

புரட்டாசி சனிக்கிழமை வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் கூட்டம் அலைமோதும். தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை இல்லை, 'தென்திருப்பதி' என்று சொல்லப்படும் சீனிவாசப் பெருமாள் குன்று. பாதுகாப்புக்கு போலீஸ் நிற்கும். அருகே ராஜபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11-வது பட்டாலியன் இருப்பதால், காக்கி உடையும் தோளில் தொங்கும் துப்பாக்கியும் இந்தப் பகுதி மக்களுக்குப் புதுசு கிடையாது.

போலீஸ் துப்பாக்கியை நாம் எப்போதும் வெளியே இருந்துதான் பார்க்கிறோம். உள்ளே அது என்ன நிலைமையில் இருக்கிறது? யார் பார்த்து, எதை வைத்து 'ஓகே' சொல்கிறார்கள்? ஆயுதக் கிடங்கு ஊழியரின் தலைவலி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள் நிற்கிறார், முன்னால் பொதுமக்கள் நிற்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்குது?

எஸ்.எல்.ஆர். என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 7.62 மி.மீ. தோட்டா போடும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் உருவாக்கிய 'ஃபால்' ரைஃபிளின் இந்திய வடிவம் இது. 1962 சீனப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரானது. 1990-களில் இன்சாஸ் வந்த பிறகு ராணுவத்தில் இதன் இடம் குறைந்தது. பல மாநில போலீஸ் படைகளில் அதற்குப் பிறகும் புழக்கத்தில் இருந்து வருகிறது.

விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். குண்டு குழலில் ஓடும்போது, பின்னால் வரும் சூடான வாயுவில் கொஞ்சம் ஒரு சிறு துளை வழியாகப் போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ப்ரீச் பிளாக்கைப் பின்னுக்குத் தள்ள, காலி கேஸ் வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் திரும்பத் தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே ஏறும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இரும்பு இரும்போடு இவ்வளவு வேகமாக மோதினால் தேயாமல் என்ன செய்யும்?

தேய்மானம் என்றாலே கோளாறு இல்லை என்பது ராஜபாளையம்காரர்களுக்குச் சொல்லியா தெரியணும்? நூற்பாலைகளில் ரிங் ஃபிரேமில் சுற்றும் டிராவலர், நகத்துண்டு அளவு கம்பி வளையம். அது தேயும், மாற்றுவார்கள். விலை அதிகமான ரிங் சீக்கிரம் தேயக் கூடாது என்பதற்காக டிராவலரைத் தேய விடுகிறார்கள். ஆனால் ரிங்கிலேயே ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்தால் ஃபிட்டர் மெஷினை நிறுத்திப் பார்ப்பார். துப்பாக்கிக்கும் இதே கணக்குதான்.

எது சகஜம்?

பாகங்கள் உரசும் இடத்தில் கறுப்புப் பூச்சு போய் உலோகம் பளபளவென்று தெரிவது சகஜம். அந்தப் பளபளப்பு வழவழப்பாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புதுசில் வேகமாக வந்து, பாகங்கள் ஒன்றுக்கொன்று 'செட்' ஆன பிறகு மெதுவாகிவிட வேண்டும். பிஸ்டன் தலையில் கரி படிவதும் சகஜம். பல ஆயிரம் குண்டு சுட்ட குழலில், தோட்டா அறையை ஒட்டிய பகுதியை வாயுவின் சூடு மெல்ல அரிப்பதும் வயசானால் வரும் நரை மாதிரிதான். அளவுக்குள் இருந்தால் பயமில்லை.

எது ஆபத்து?

விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அது வெறும் பளபளப்பு இல்லை, பள்ளம். ஓரங்கள் சுத்தியலால் அடித்த மாதிரி நசுங்கிப் பிசிறு விட்டிருந்தால், பாகங்கள் தேவைக்கு மேல் வேகமாக மோதுகின்றன என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏதோ ஒன்று கோணலாக உட்கார்கிறது. எண்ணெயில் உலோகத் தூள் மின்னினால், எந்த இடத்திலிருந்து வந்தது என்று தேடியே ஆக வேண்டும். துளை, மூலை, பூட்டும் முகப்பு ஆகிய இடங்களில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பாகம் வெளியே.

கண்ணுக்கே தெரியாத ஆபத்தும் உண்டு. சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் சியர் என்ற சின்னப் பாகத்தின் விளிம்பு மழுங்கினால், விசையைத் தொடாமலே, துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியில்கூட குண்டு வெடிக்கலாம். பூட்டிய ப்ரீச் பிளாக்குக்கும் தோட்டாவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கூடிப்போனால் கேஸ் கிழியலாம். இதைக் கண்ணால் அளக்க முடியாது. 'கோ', 'நோ கோ' என்ற அளவுகோல்களைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். எஸ்.எல்.ஆரில் இடைவெளி கூடினால், லாக்கிங் ஷோல்டர் என்ற பாகத்தை வேறு அளவில் மாற்றிச் சரிசெய்யவும் வழி உண்டு.

சுடாமலேயே தேயும்

'போலீஸ் துப்பாக்கி எப்பவாவதுதானே சுடுது, அதுக்கு எதுக்கு இவ்வளவு?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் தினமும் எடுத்து, வைத்து, கழற்றி, துடைத்து, பரேடில் தட்டி வைக்கிற ஆயுதம் சுடாமலேயே தேயும். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு புல்த்ரூ கயிறு ஞாபகம் இருக்கும். அதைக் கோணலாக இழுத்து இழுத்தே குழல் வாய் அறுபடும். லீ என்ஃபீல்டு காலத்திலேயே ராணுவங்கள் கண்டுபிடித்த பிரச்னை இது. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அந்த வாய்தான். அது கெட்டால் குறி தவறும். ஆகவே எத்தனை குண்டு சுட்டது என்ற கணக்கு மட்டும் போதாது.

எஸ்.எல்.ஆரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிஸ்டனுக்குப் போகும் வாயுவைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு ரெகுலேட்டர் உண்டு. துப்பாக்கி திக்கினால் வாயுவைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் போதும், ஓட ஆரம்பித்துவிடும். திக்கியதற்குக் காரணம் அழுக்கா, தளர்ந்த ஸ்பிரிங்கா என்று யாரும் தேட மாட்டார்கள். கூட்டிய வாயு பாகங்களை இன்னும் பலமாக மோதவிடும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிற கதை.

பழகிப்போன கண்

என் கவலை இங்கேதான். ஒரே கீறலைத் தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது கீறலாகவே தெரியாது. 'அது ரொம்ப நாளா அப்படித்தான் சார் இருக்கு' என்று பதில் வரும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். காரணமான ரப்பர் வளையத்தில் அரிப்பு இருப்பது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் விபரீதம் எதுவும் நடக்காததால், அரிப்பே ஏற்கத்தக்க ஒன்றாகிவிட்டது. சமூகவியலாளர் டயான் வாகன் 1996-ல் வெளியான தன் நூலில் இந்தப் பழக்கத்தை விரிவாக அலசினார். பிறழ்வு மெல்ல மெல்ல இயல்பாகிப் போவது என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். படித்த பொறியாளர்களுக்கே அந்தக் கதி என்றால், நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைக் கையாளும் ஓர் ஆர்மரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

என்ன செய்யலாம்?

முதலில், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி வரலாற்றுத் தாள். சுட்ட குண்டு, மாற்றிய பாகம், ரெகுலேட்டர் நிலை, அளவுகோல் காட்டிய முடிவு எல்லாம் அதில் வர வேண்டும். கூடவே ஒவ்வொரு சோதனையிலும் அதே கோணத்தில் எடுத்த புகைப்படம். போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், பழகிப்போன கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, வேறொரு கண். ஒரு பட்டாலியனின் ஆயுதங்களை வருஷத்துக்கு ஒருமுறையாவது இன்னொரு பட்டாலியன் ஆர்மரர் பார்க்கட்டும். 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை திருச்சியிலேயே இருக்கிறது. நிபுணர்களைத் தேடி டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். ஆர்மரர் 'இது வேண்டாம்' என்று எழுதினால், அந்தத் துப்பாக்கி அன்றைக்கே ஒதுக்கப்பட வேண்டும். எண்ணிக்கை குறையுமே என்று மேலதிகாரி அதை மறுபடி ரேக்கில் ஏற்றக் கூடாது. அப்படி ஏற்ற வேண்டிய அவசரம் வந்தால், காரணத்தை எழுதி அதிகாரியே கையெழுத்துப் போடட்டும்.

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. அளவுகோல், கேமரா, நோட்டுப் புத்தகம், அதை நிரப்ப ஓர் ஆளுக்கு நேரம். இவ்வளவுதான். சட்டமன்றத்தில் காவல் துறை மானியக் கோரிக்கை வரும்போது எத்தனை புதுத் துப்பாக்கி வாங்கினார்கள் என்று கேட்கிறோம். இருக்கிற துப்பாக்கிகளைக் கடைசியாக எப்போது அளந்து பார்த்தார்கள் என்ற கேள்வியையும் இனிமேல் சேர்த்துக் கேட்போம்.