மூச்சை அடக்காதீர்!

வடசென்னையில் பாறைக் கடற்கரை உண்டா என்று கேட்டால், பூகோள உபாத்தியாயர் இல்லை என்பார். ராயபுரத்துப் பையன்கள் உண்டு என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். இயற்கை அங்கே வைத்தது மணலை. பாறையை வைத்தவன் மனிதன்.

சென்னைத் துறைமுக வேலை 1875-ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து செல்லும் அலைகளுக்கு, அதன் சுவர்கள் குறுக்கே நின்றன. தெற்கே மணல் சேர்ந்து மெரீனா விசாலமாயிற்று. வடக்கே வரவேண்டிய மணல் வராமற்போகவே, கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. மெரீனாவில் உட்கார்ந்து காற்று வாங்கும் நேயர்களே! உங்கள் காலடி மணலில் ஒரு பங்கு எங்கள் திருவொற்றியூருக்குச் சேரவேண்டிய பாக்கி. அதை வசூலிக்க வழியில்லாததால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கருங்கல்லைக் கொட்டியும், கடலுக்குள் கல் அணைகளை நீட்டியும் கரையைக் காத்து வருகிறார்கள்.

அந்தக் கற்களில் மட்டி ஒட்டி வளர்கிறது. என் வகுப்பில் ஒரு செம்படவச் சிறுவன் இருக்கிறான். இடது கால் சற்றுச் சூம்பியது. தேகப் பயிற்சி வேளையில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல் அணையருகே அவன் தலைகீழாகக் கடலுக்குள் மறைவதைக் கண்டேன். அவன் மேலே வருவதற்குள் நான் சகல தெய்வங்களையும் கூப்பிட்டுவிட்டேன். வந்தான், கை நிறைய மட்டியோடு.

"கால் வலிக்கவில்லையா, அப்பா?" என்றேன்.

"தண்ணியில எறங்கிட்டா காலு கனக்காது, ஸார். காதுதான் ரெண்டு ஆள் ஆழத்துல அடைக்கும். மூக்கைப் புடிச்சு ஊதினா தெறந்துக்கும்."

பாயில் விதியில் நூற்றுக்குப் பன்னிரண்டு வாங்கியவன் சொன்ன விடை இது! அவன் காது அறிந்திருந்ததை நான் கரும்பலகையில் மட்டுமே அறிந்திருந்தேன். வெட்கம் தாங்காமல், சென்ற கோடை விடுமுறையில் புதுச்சேரிக்குப் போய், நாற்பத்தைந்தாம் வயதில், ஸ்கூபா கற்பவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் காலில் மாட்டி, கயிற்றைப் பிடித்து இறங்கி, மூச்சை அடக்கித் தொழில் செய்தார்கள். பாம்பன் பக்கத்துப் பெண்கள் இன்றும் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிக் கடற்பாசி பறிக்கிறார்கள். ஸ்கூபாவின் முதல் சட்டமோ இதற்கு நேர் விரோதம்: மூச்சை ஒருபோதும் அடக்காதே!

காரணம் எளிது. பத்து மீட்டர் ஆழத்தில் அமுக்கம் மேலே உள்ளதைப்போல் இரு மடங்கு. 1943-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் கூஸ்தோவும் காஞானும் அமைத்த கருவி, அந்த ஆழத்தின் அமுக்கத்திற்கு ஒத்த காற்றைத் தருகிறது. அதை மார்பு நிறைய வாங்கி, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். அவசரமாக மேலே வருவதும் ஆகாது. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழியிட்டுக் கிளம்பும்.

ஆகவே இது பலசாலிகளின் வித்தை அன்று, நிதானசாலிகளின் வித்தை. என்னோடு இறங்கியவர்களில் அறுபதை நெருங்கிய ஓர் அம்மாளும் இருந்தார். முரட்டு வாலிபன் ஒருவன் மூச்சிரைத்துக் கரையேற, அம்மாள் நிதானமாக மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊனமுற்றவர்களும், பயிற்சி பெற்ற துணையோடு பல தேசங்களில் மூழ்குகிறார்கள். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்கிறதல்லவா? ஆனால் காது, இருதயம், நுரையீரல் இவற்றை வைத்தியர் பார்த்து அனுமதிக்க வேண்டியது அவசியம்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அந்தப் பையனிடம் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டான். பிறகு, "நம்ம கடல்ல இத எப்ப சொல்லித் தருவாங்க, ஸார்?" என்றான்.

என்ன சொல்வது? 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை, இதே கரையில் ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படகையும் வலையையும் பூசிவிட்டுப் போயிற்று. புதுச்சேரியில் காசு கொடுப்பவனுக்குத் தெளிந்த நீரும், ஆசானும், வைத்தியச் சோதனையும் கிடைக்கின்றன. இங்கே தினமும் மூழ்குகிறவனுக்குக் கலங்கல் நீரும், கல்லில் மோதும் அலையுமே கிடைக்கின்றன.

எண்ணூரில் ஆலைகளும் கப்பல்களும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவற்றின் கழிவு கடலில் சேராமல் காவல் வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் குளமும், மூழ்கக் கற்றுத் தரும் ஓர் ஆசிரியரும் வேண்டும். மூழ்காதே என்று தடுத்தால் அவர்கள் கேட்கப்போவதில்லை. சரியாக மூழ்கக் கற்பித்தால் உயிராவது பிழைக்கும்.

பையன் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சை அடக்கக் கூடாது என்று காசு கொடுத்துக் கற்று வந்தவன், அவன் எதிரில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.