நாய்க்கு ஆபரேஷன்: செலவு யார் தலையில்?

நம் சங்கக் கூட்டங்களில் தாய்மார்கள் நாய்த் தொல்லையைப் பற்றிக் கேட்காத மாதம் இல்லை. தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், சீத்தா கேம்ப்பிலும், மால்வணியிலும், கல்யாண் பக்கத்துச் சால்களிலும் ஒரே பேச்சுதான். விடியற்காலை முதல் லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவனை நாய் துரத்துகிறது. பொதுக் கக்கூசுக்குப் போகிற பெண்ணை மறிக்கிறது. கையில் பிஸ்கட் வைத்திருக்கும் பிள்ளையைக் கடிக்கிறது. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்கிறார்கள்.

வழி இருக்கிறது. நாய்க்குக் கருத்தடை ஆபரேஷனும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டால் எண்ணிக்கை படிப்படியாகக் குறையும், நோயும் ஒழியும். இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஆனால் ஆபரேஷன் என்றதும் "செலவு யார் தருவது?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. நகராட்சி நம்மைக் காட்டுகிறது. மாடி வீட்டுக்காரனும் நம்மைக் காட்டுகிறான். நாயை வளர்ப்பவன் கட்டட்டும் என்கிறார்கள்.

நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அது நகராட்சியின் செலவு. சட்டப்படியும் அப்படித்தான், நியாயப்படியும் அப்படித்தான். அந்தச் செலவை நகராட்சி செய்யாமல் விடும் ஒவ்வொரு ஆண்டும் அதைவிடப் பெரிய தொகையை நாம்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். ரசீது இல்லாமல் கட்டுகிறோம்.

கடியின் விலை

ஒரு தெரு நாயைப் பிடித்து, ஆபரேஷன் செய்து, மருந்தும் சோறும் கொடுத்து, காயம் ஆறியபின் பிடித்த இடத்திலேயே விட இந்திய விலங்குகள் நல வாரியம் பரிந்துரைத்த தொகை 1,650 ரூபாய். இது ஒரு நாய்க்கு ஒரே முறை செய்யும் செலவு.

இனி நம் பக்கத்துக் கணக்கைப் போடுவோம். நாய் கடித்தால் அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசிக்கு நான்கு முறை போகவேண்டும்: கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ஊசி இலவசம்தான். நாள் இலவசமா? நாக்காவில் நின்று கூலி வேலை பிடிக்கிறவனுக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் போனால் 2,400 ரூபாய் போயிற்று. கடிபட்டது குழந்தையானால் கூடப் போகும் தாயின் வீட்டு வேலைச் சம்பளத்தில் பிடித்தம். ஆட்டோ, பஸ், வாங்கிக் கொடுக்கும் டீ, பன் வேறு. காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் காயத்தைச் சுற்றிப் போடவேண்டும். அது இல்லை, வெளியில் வாங்கி வா என்று சொல்லிவிட்டால் ஆயிரக்கணக்கில் கடன்.

ஆக, ஒரு நாய்க்கு ஆபரேஷன் செய்யாமல் நகராட்சி மிச்சம் பிடிப்பது 1,650. அந்த நாயின் ஒரே ஒரு கடிக்கு ஒரு குடும்பம் இழப்பது 2,400க்கு மேல். இது மிச்சமா? ஏழையின் பையிலிருந்து எடுத்து மிச்சம் என்று எழுதுவதற்குக் கணக்குப் புத்தகத்தில் என்ன பெயர்?

உயிர்க் கணக்கு இன்னும் கொடுமை. 2024இல் நாட்டில் 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாகின என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. வெறிநோயால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுவோர் 54 பேர் என்றும் சொன்னது. அதே அரசின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஊர் ஊராகச் சென்று கேட்டுத் தயாரித்து 2025இல் வெளிவந்த ஆய்வோ, ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் சாகிறார்கள் என்று மதிப்பிட்டது. 54 எங்கே, 5,700 எங்கே? மிச்சப் பேர் எந்தக் கணக்கில் செத்தார்கள்? வெறிநோய் கண்டபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. செத்தவர்களில் மாடி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை, சந்துப் பிள்ளைகள் எத்தனை என்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"வளர்ப்பவன் கட்டட்டும்"

நாயை வளர்ப்பவன்தான் ஆபரேஷன் செலவைக் கட்டவேண்டும் என்கிறார்கள். சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

2001இல் வந்த நாய்க் கருத்தடை விதிகளுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வந்தன. அவை பிராணிகளை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று, வீட்டுக்குள் வாழும் செல்லப் பிராணி. அதன் ஊசிக்கும் கருத்தடைக்கும் சொந்தக்காரர் பொறுப்பு. இரண்டாவது, தெருவிலோ மதில் சூழ்ந்த வளாகத்துக்குள்ளோ வீடற்று வாழும் நாய். அதன் ஊசிக்கும் கருத்தடைக்கும் உள்ளாட்சி அமைப்பு பொறுப்பு.

இப்போது நம் சந்துக்கு வருவோம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிறோம். அதற்குள் நாய் எங்கே வாழும்? மணியோ, டைகரோ, ராணியோ, பெயர் நாம் வைத்ததுதான். மிச்சச் சோறு நாம் போடுவதுதான். ஆனால் அது படுப்பது மோரி ஓரத்தில், திரிவது நாலாப் பக்கத்தில், குட்டி போடுவது தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். நான்கு வீடு சோறு போடுகிறது, ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை. திருடன் வந்தால் சந்து முழுவதற்கும் குரைக்கிறது. இது வீட்டுக்குள் வாழும் செல்லப் பிராணியா? விதியை எழுத்துக்கு எழுத்து படித்தாலும் இது தெருப் பிராணிதான். அதன் ஆபரேஷன் நகராட்சியின் பொறுப்புதான்.

ஆனால் நடப்பது என்ன? சோறு போடுகிறாயே, அப்படியானால் உன் நாய்தான், தனியார் டாக்டரிடம் கொண்டு போ என்கிறார்கள். தனியாரிடம் ஒரு பெட்டை நாய்க்குப் பல ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளத்தில் பாதியை நாய்க்குக் கொடுக்க யாரால் முடியும்? யாராலும் முடியாது. ஆகவே ஆபரேஷன் நடப்பதில்லை. பெட்டை ஆண்டுக்கு இரு முறை, ஈற்றுக்கு நான்கைந்து குட்டி போடுகிறது. பாதி சாகிறது, பாதி பிழைக்கிறது. அடுத்த ஆண்டு "குடிசைக்காரர்கள் நாயைப் பெருக்குகிறார்கள்" என்று பேசுகிறார்கள். முதலில் வழியை அடைப்பது, பிறகு ஏன் வரவில்லை என்று கேட்பது!

மத்திய அரசின் திருத்திய திட்டத்தில் நாய்க்கு 800 ரூபாய், பூனைக்கு 600 ரூபாய் உதவி என்று 2025இல் அறிவித்தார்கள். வாரியம் சொன்ன 1,650இல் 800 வந்தால் மீதி 850 யார் தருவது? அதையும் நம் தலையில் கட்டப் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

பணம் இல்லையா?

பணம் இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மும்பை மாநகராட்சி 2014இல் எடுத்த கணக்கில் தெருநாய்கள் சுமார் 95,000. பத்து ஆண்டு கழித்து 2024 மதிப்பீட்டில் சுமார் 91,000. அத்தனை நாய்க்கும் இன்னும் ஆபரேஷனே ஆகவில்லை என்று வைத்து ஆளுக்கு 1,650 போட்டாலும் மொத்தம் 15 கோடி. மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி. நூறு ரூபாயில் இரண்டு காசு! இந்த இரண்டு காசுக்கா பஞ்சம்?

இந்த நாட்டு அரசுக்கு ஆபரேஷன் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களுக்குக் கருத்தடை செய்தார்கள். மகாராஷ்டிரச் சட்டமன்றம் 1976இல் கட்டாயக் கருத்தடைக்கென்றே மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்காததால்தான் அது நின்றது. ஏழை மனிதனைப் பிடிக்க அன்று வண்டி கிடைத்தது, டாக்டர் கிடைத்தார், பணம் கிடைத்தது. தெருநாயைப் பிடிக்க மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லையா?

கொல்வதும் அடைப்பதும்

கொன்றுவிட்டால் என்ன என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். கடிபட்ட பிள்ளையின் தகப்பன் கேட்கும்போது அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் அது நடந்து பார்த்த வழி. இந்த மும்பையில் 1832இலேயே போலீஸ் தெருநாய்களைக் கொன்றது. அதை எதிர்த்துப் பார்சிகள் கலகமே செய்தார்கள். 1990களின் நடுப்பகுதி வரை இங்கேயும் சென்னையிலும் கொல்வதே வழியாக இருந்தது. 1996இல் சென்னை மாநகராட்சி நாளுக்கு 135 நாய் வரை கொன்றது என்பது புளூ கிராஸ் அமைப்பின் கணக்கு. நாய் ஒழிந்ததா? ஒரு சந்தில் நாயைக் கொன்றால் அந்தச் சந்தின் குப்பை அங்கேயே கிடக்கிறது. அதைத் தின்ன அடுத்த சந்து நாய் வருகிறது, ஊசி போடாத நாய் வருகிறது. ஆபரேஷன் ஆன நாய் இருந்தால் அது புது நாயை உள்ளே விடாது, தானும் பெருகாது.

கொல்வதை விட்டு ஆபரேஷன் செய்யுங்கள் என்று 1964 முதல் சென்னையில் புளூ கிராஸ் வற்புறுத்தியது. மாநகராட்சி 1996இல்தான் ஏற்றது. வழிகாட்டிய அந்த ஊரே பின்னர் வேகம் குறைந்தது. 2024 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். ஆபரேஷன் ஆனவை நான்கில் ஒன்றுக்குச் சற்று அதிகம். அரைகுறையாகச் செய்தால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? முழுதாகச் செய்தால் பயன் உண்டு என்பதற்குப் பக்கத்து கோவா சாட்சி. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் நாய்களுக்கு வீதி வீதியாக ஊசி போட்டார்கள். 2021இல் கோவா வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

அடைத்து வை என்பது இன்னொரு கூச்சல். 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் டில்லி வட்டார நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில், ஆகஸ்ட் 22இல், மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றை ஆபரேஷனும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்தில் விடச் சொன்னார்கள். காப்பகத்தில் ஒரு நாய்க்கு நாளுக்கு 40 ரூபாய் என்று குறைவாகப் போட்டாலும் ஆண்டுக்கு 14,600. ஒரு முறை 1,650 கொடுக்க மனமில்லாதவர்கள் ஆண்டுதோறும் 14,600 கொடுப்பார்களா?

பிறகு 2025 நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், திரும்ப அங்கே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு இதில் ஒரு பயம் உண்டு. பிளாட்பாரத்து நாயைப் பிடிப்பார்கள். காப்பகம் இல்லாவிட்டால் எங்கே விடுவார்கள்? தண்டவாளத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள்? நாம்தான். ஸ்டேஷன் சுத்தமாவதற்கு நம் சந்து குப்பைத் தொட்டி ஆகக்கூடாது. இதைக் கண் விழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரில் வந்து நம் தெருமுனையில் பிரியாணி கொட்டிவிட்டுப் போகும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் இரக்கத்தை மதிக்கிறோம். ஆனால் ஊசி போடாத நாய்க்கு நம் பிள்ளைகள் நடக்கும் வழியில் சோறு வைப்பது பாதி இரக்கம்தான். மீதிப் பாதிக்கு எங்களோடு வார்டு ஆபீசுக்கு வாருங்கள்.

நாம் செய்யவேண்டியது

நகராட்சியைக் கேட்பதால் நம் பங்கு இல்லை என்று ஆகாது. பெட்டைக் குட்டிகளைக் கோணியில் போட்டு அடுத்த வாடியில் விடும் பழக்கம் நிற்கவேண்டும். அங்கே இருப்பவனும் நம் தோழன்தான். ஆபரேஷனுக்கு நாய் பிடிக்க வண்டி வந்தால் கல்லெறியாமல் நாயைக் காட்டிக்கொடுங்கள். அது கொல்லும் வண்டி அல்ல. காதில் வெட்டுக்குறி இருந்தால் ஆபரேஷன் ஆன நாய் என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கடித்தால் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். பழைய காலத்தில் வயிற்றைச் சுற்றிப் போட்ட 14 ஊசி இப்போது இல்லை, பயப்படாதீர்கள். நான்கு முறையும் தவறாமல் போங்கள்.

நம் கோரிக்கைகள் இவை:

1. சந்தில் பலர் சோறு போடும் நாய்க்கு 2023 விதிகளின்படி நகராட்சியே இலவசமாக ஆபரேஷனும் ஊசியும் போடவேண்டும். சோறு போடுபவரிடம் ஒரு காசு கேட்கக்கூடாது. நம் சால் பூனைகளுக்கும் அவ்வாறே.

2. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பிடிக்காமல், ஒரு குடியிருப்பை எடுத்தால் நூற்றுக்கு எழுபது நாய்க்குக் குறையாமல் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும்.

3. நம் குடியிருப்புகளுக்கு அருகில் உள்ள மருந்தகங்களில் ஊசியும் இம்யூனோகுளோபுலினும் வேலை முடிந்து வருவோருக்கு இரவிலும் கிடைக்கவேண்டும்.

4. இறைச்சிக் கடைக் கழிவையும் ஓட்டல் எச்சிலையும் தினமும் அள்ளவேண்டும். குப்பை இருக்கும் வரை நாய் இருக்கும்.

5. விதிகள் சொல்லும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் குடிசைப் பகுதி மக்களின் குரலுக்கு இடம் வேண்டும்.

ஒவ்வொரு சந்திலும் காதில் குறி உள்ள நாய் எத்தனை, குறி இல்லாதது எத்தனை, இந்த ஆண்டு கடிபட்டவர் எத்தனை பேர் என்று எண்ணி எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். அந்தக் காகிதத்தையும் 2023 விதிகளையும் சேர்த்து வார்டு ஆபீசின் மேஜையில் வைப்போம். பிச்சை கேட்கப் போகவில்லை. தண்ணீர் வரியும், வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் வரியும் கட்டுகிறவர்கள் தங்கள் நூறு ரூபாயில் இரண்டு காசைக் கேட்கப் போகிறோம். தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். சந்து சந்தாகத் திரண்டு வாருங்கள்.