குடி நோய் என்றால் போதுமா?



குடிப்பழக்கம் ஒரு நோய், குடிப்பவர் ஒரு நோயாளி என்னும் கருத்து நம் சமுதாய நிகழ்ச்சிகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ஆம் ஆண்டிலேயே இதனை ஏற்றுக்கொண்டது. 'குடிகாரன்' என்று ஒதுக்கப்பட்டவருக்கு மருத்துவமனைக் கதவு திறந்தது இதனால்தான். அந்நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும், தோட்டப்புற வரலாறு அறிந்த நாம் 'நோய்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடலாகாது என்பது என் கருத்து.

பாகான் செராய் வட்டாரத்தில் நம் முன்னோர் முதலில் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் பால்மரத் தோட்டங்களிலும் உழைத்தனர். மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் லயத்திற்கு அருகிலேயே கள்ளுக்கடை இருந்தது. அது தானாக முளைத்ததன்று. அரசாங்க உரிமத்தோடு நடந்தது. உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பகுதி மாலையில் அங்கேயே கரைந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினரும் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தனர். குடியை அவர்கள் தனிமனிதரின் உடற்குறையாகக் காணவில்லை. அதனை விற்றவர் யார் என்று கேட்டார்கள்.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1970-களில் ஆராய்ந்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களுள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. பெரும்பாலோர் நீண்ட சிகிச்சை எதுவும் பெறவில்லை. போர்க்களம் நீங்கிற்று; வீடும் உறவும் வேலையும் கிடைத்தன. என்றும் தீராத நோயாக இருந்திருப்பின் இஃது எவ்வாறு இயலும்?

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி போதைப் பழக்கத்தினரை ஈராண்டு வரை மறுவாழ்வு மையங்களில் கட்டாயமாகத் தங்கவைத்தனர். வெளிவந்தோர் பலர் பழைய சூழலுக்கே திரும்பினர், மீண்டும் வீழ்ந்தனர். 2010 முதல் தாமாக முன்வருவோருக்கான சிகிச்சை நிலையங்களும் தொடங்கப்பட்டன. ஆயினும், சிகிச்சை முடிந்தவர் எந்த வேலைக்கு, எந்த வீட்டிற்குத் திரும்புகின்றார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கின்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். ஆகவே, மருத்துவரின் துணை கட்டாயம் தேவை. மருத்துவம் வேண்டா என்பதன்று என் வாதம். மருத்துவம் மட்டும் போதாது என்பதே.

ஆசிரியர் என்ற முறையில் என்னை வருத்துவது வேறொன்று. "உன் அப்பாவுக்கு நோய், அது பரம்பரையாக வரும்" என்று பெரியோர் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கின்றார்கள். பரம்பரைக்கு ஓரளவு பங்குண்டு என்பது உண்மையே. ஆனால், பத்து வயதுப் பிள்ளையின் காதில் அது தலைவிதியாகவே விழும். குடித்தவர்கள் பலர் மீண்டிருக்கிறார்கள் என்பதையும், குடியை எதிர்த்து நின்ற தோட்டத் தொழிலாளர்களின் வரலாற்றையும் சேர்த்தே அப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

குடியை விட்டவருக்கு ஒரு வேலை, மாலையில் சென்று அமர ஓர் இடம், பழையதைக் குத்திக்காட்டாத நான்கு நண்பர்கள் வேண்டும். நம் கோயில்களும் மன்றங்களும் இவற்றைத் தர இயலாதா? சிந்திப்போம்.