ஒரு மாதிரியா இருக்கு

அப்பாவுக்கு ரயில்வே வேலை. என் பள்ளிப்படிப்பு முழுக்கக் கரக்பூரில். வீட்டில் பேசிய தமிழை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரிக்கு வந்தவன், முதல் வார்டு போஸ்டிங்கிலேயே மாட்டிக்கொண்டேன். மூன்று வாரமாக இருமல் என்று வந்திருந்த பெண்ணிடம் எக்ஸ்ரே சீட்டைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் டியூட்டி டாக்டர். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "நான் முழுகாம இருக்கேன் சார்" என்றார்.

"அதனால என்னம்மா, குளிக்காட்டிப் பரவாயில்ல. போய் எடுத்துட்டு வாங்க" என்றேன், பெருந்தன்மையாக.

பக்கத்துக் கட்டிலில் சிரிப்பு கிளம்பியது. ஊசி போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் வந்து என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கினார். "தம்பி, அவங்க மாசமா இருக்காங்க."

கர்ப்பிணியை யோசிக்காமல் எக்ஸ்ரே அறைக்கு அனுப்பக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. படித்தும் இருந்தேன். "முழுகாம" என்ற சொல்தான் புத்தகத்தில் இல்லை.

இன்று வார்டுக்குப் போகும் பிள்ளைகளைத் தயார்படுத்துகிற வேலை எனக்கு. 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது, தொடக்கத்தில் ஒரு மாத அடித்தளப் பயிற்சி வந்தது. உள்ளூர் மொழியும் அதில் உண்டு. அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களில் வருகிறவர்களுக்கு அது வேண்டியதுதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே அளவு வேண்டும் என்பது என் கட்சி. கேஸ் எடுக்கும்போது தொந்தரவை நோயாளி சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும் என்பது பழைய விதி. இவர்களோ காதில் விழுவதற்குள் இங்கிலீஷாக்கிவிடுகிறார்கள்.

"மயக்கமா வருது" என்பார் பெரியவர். சுயநினைவு இழப்பு என்று எழுதிவிடுவான் பையன். அவருக்கு வெறும் தலைசுற்றல், கீழே விழவே இல்லை. "இளைப்பு" என்று ஒருவர் சொல்வது மூச்சிரைப்பை, இன்னொருவர் சொல்வது உடம்பு மெலிந்ததை. காசநோய் வார்டில் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கும். "வாயு" விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. ஐம்பதைத் தாண்டியவர் வேர்த்து விறுவிறுத்து வந்து, நெஞ்சில் வாயு பிடிச்சிருக்கு என்றால், வாயு என்று எழுதிக்கொள், நம்பாதே.

முதல் வாரம் ஸ்டெதாஸ்கோப்பை ஹாஸ்டலில் வைத்துவிட்டு வரச் சொல்வேன். முகம் வாடிவிடும். புதுசு, கழுத்தில் போட்டு செல்ஃபி எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார். "எந்த ஊரு?" என்று ஆரம்பி. குடிப்பழக்கத்தைப் பற்றி, மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதே. வயிற்றைத் தொடும் முன் கையைக் கழுவி, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கு. அழுத்தும்போது உன் பார்வை அவர் முகத்தில் இருக்கட்டும்.

போன வாரம் ராஜஸ்தான் மாணவி ஒருத்தி நோட்டோடு வந்தாள். மதமதப்பு, நீர்க்கடுப்பு, மேலுக்குச் சரியில்ல என்று எல்லாம் இந்தி எழுத்தில். ஓரிடத்தில் மட்டும் கேள்விக்குறி. ஆறாம் கட்டில் ஆச்சிக்கு எழுபது வயது, இருபது வருஷச் சர்க்கரை. வலி இல்லையாம், காய்ச்சல் இல்லையாம். காலையிலிருந்து "ஒரு மாதிரியா இருக்கு தாயி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி, சார்?"

அப்படியே எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டு, இ.சி.ஜி. மெஷினைத் தள்ளிக்கொண்டு வரும்படி சிஸ்டரைக் கூப்பிட்டேன்.