பெயரைக் கேட்டே அஞ்சலாமா?

“சயனைடா? அந்தப் பேச்சே இந்த வீட்டில் வேண்டாம்!”

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மூவர் வீட்டிலும் ஒரே குரலாய் எழுந்த தீர்ப்பு இது. நாங்கள் கேட்டதோ மிகச் சிறிய அனுமதி. சூரிய ஒளியால் இலைகளின் உருவத்தை நீல நிறத்தில் அச்செடுக்கும் சயனோடைப் என்னும் முறையை மொட்டை மாடியில் செய்து பார்க்க விரும்பினோம். அதற்கு வேண்டிய உப்புகள் இரண்டு. ஒன்று ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட். மற்றொன்று பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. இரண்டாவது பெயரின் வால்தான் வீட்டைக் கலக்கிவிட்டது!

பெரியோர் அஞ்சுவது அன்பினால் என்பதை நாங்கள் அறியாமல் இல்லை. ஆயினும், பெயரைக் கேட்டதுமே கதவை அடைத்துவிடலாமா? இந்த உப்பில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்துள்ளது, எளிதில் பிரிவதில்லை. கடும் அமிலத்தோடு சேர்த்தாலோ நெருப்பில் காய்ச்சினாலோதான் நச்சு வாயு வெளிப்படும். ஆகவே குளியலறை கழுவும் ஆசிட் அருகில் இருக்கலாகாது; அடுக்களைப் பாத்திரத்தைத் தொடலாகாது; கையுறை வேண்டும்; தம்பி தங்கையர் கைக்கு எட்டலாகாது. இவற்றையன்றோ எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்? இதிலிருந்து பிறக்கும் பிரஷ்யன் நீலத்தைத் தாலியம் என்னும் நஞ்சுக்கு மருத்துவர்கள் மாற்று மருந்தாகவே தருகின்றனர்!

எங்களுள் ஒருத்தியின் அண்ணன் பட்டாசு மருந்தைப் பிரித்துக் கொட்டிக் கொளுத்துவான். “ஆண்பிள்ளை, அப்படித்தான்” என்று சிரிப்பார்கள். உப்பு விலை கேட்கப் போன எங்களிடம் கடைக்காரர், “பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு?” என்றார்.

எதற்கா? 1842இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் இம்முறையைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அதைக் கொண்டு கடற்பாசிகளை அச்செடுத்து நூலாக வெளியிடத் தொடங்கியவர் ஒரு பெண்மணி, அன்னா அட்கின்ஸ். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 400 படங்கள்! ஒளிப்படங்களோடு வந்த முதல் நூல் என்று அதனைப் போற்றுகின்றனர். அவருடைய தந்தை ஓர் அறிவியலாளர், மகளைத் தடுக்கவில்லை. நூலில் அவர் “ஏ.ஏ.” என்று மட்டும் ஒப்பமிட்டிருந்தார். பிற்காலத்தில் ஒருவர் அதற்கு “அனானிமஸ் அமெச்சூர்” என்று பொருள் கொண்டாராம். எங்களுக்குக் கோபம் வந்தது.

கடைசியில் எங்கள் அறிவியல் ஆசிரியை வந்து பேசிய பின்பே அனுமதி கிடைத்தது. அம்மா அருகில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 100 மி.லி. நீரில் 20 கிராம் சிட்ரேட்டையும், வேறொரு 100 மி.லி. நீரில் 8 கிராம் ஃபெர்ரிசயனைடையும் தனித்தனியே கரைத்தோம். திரையிட்ட அறையில் இரண்டையும் சம அளவு கலந்து, தடித்த தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்தினோம். அதன்மேல் முருங்கை இணுக்கை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் பத்து நிமிடம் வைத்தோம். மஞ்சட்பச்சைத் தாள் சாம்பல் பூத்து மங்கியது. கெட்டுவிட்டதோ என்று அஞ்சியபடியே தண்ணீரில் அலசினோம். ஒளி படாத இடத்து மருந்து கரைந்தோட, ஆழ்ந்த நீலத்தின் நடுவே முருங்கை வெள்ளை வெளேரென்று எழுந்ததே, அந்தக் காட்சியை என்னென்போம்!

எல்லாத் தாளும் அப்படி வாய்க்கவில்லை. செம்பருத்தி இலை தடிப்பானது. வெறும் நிழலாகவே நின்றது. வேப்பிலையைக் காற்று நகர்த்திவிட்டது. கைக்குட்டையில் எடுத்த அச்சைப் பாட்டி சலவைச் சோடாவில் ஊறவைக்க, நீலமே போய்விட்டது; பாட்டிக்குத்தான் எங்களைவிட வருத்தம்.

சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் நம் ஆய்வகத்தைத் திறந்து, ஆசிரியை ஒருவர் முன்னிலையில் இதனைச் செய்ய இடம் தருமாறு நிர்வாகத்தை வேண்டுகிறோம். வீட்டில் தடுக்கப்படும் தோழியர் இன்னும் பலர் இருக்கின்றனர்.

எங்கள் வீடுகளில் இப்போது அந்தத் தடை இல்லை. சென்ற வாரம் அம்மா, தாம் பின்னிய லேஸ் துண்டோடு மாடிக்கு வந்து, “இதற்கு எத்தனை நிமிடம் வெயில் வேண்டும்?” என்று கேட்டார்.