ரிஸீவரை வைத்தாயா?

திண்டிவனத்திலும் சரி, விழுப்புரத்திலும் சரி, அண்ணா பல்கலைக் கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணும் ஒருநாள், "பூல் நிரம்பிவிட்டது அம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரக் கூடும். குளத்தைத் தேடி வாசலுக்கு ஓடாதீர்கள்! அவள் சொல்வது ஜாவா சர்வர் சமாசாரம்.

அந்தக் காலத்து டிரங்க் கால் ஞாபகம் இருக்கிறதா? விழுப்புரத்துத் தங்கையோடு பேசத் திண்டிவனத்து அக்காள் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருப்பாள். லைன் காலியானால்தான் அவள் முறை. ஜாவா சர்வரும் அப்படித்தான். கட்டணம் செலுத்த ஆயிரம் பேர் வருகிறார்கள். விவரமெல்லாம் இருப்பதோ டேட்டாபேஸில். ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தொடர்பு கொடுத்து, பாஸ்வேர்டைச் சரிபார்த்து, பிறகு அறுப்பதென்றால் பொழுது விடிந்துவிடும். அதனால் சில தொடர்புகளை முன்கூட்டியே திறந்து வைத்து, மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். அதுதான் பூல்.

எத்தனை வைப்பது? இங்கேதான் சண்டை. கிளாஸ்ஃபிஷ் என்ற சர்வர், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 8-ல் தொடங்கி 32 வரை போகும். போதவில்லையா, இன்னும் நாலு சர்வர் போடு என்பார் மேலதிகாரி. ஆனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மாற்றி எழுதாத வரையில், 100 தொடர்புகளுக்குத்தான் இடம் கொடுக்கும். நாலு சர்வருக்கே, தலைக்கு 32 வீதம், 128 ஆகிவிட்டதே! மிஞ்சியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

என்னைக் கேட்டால், பல சமயம் குற்றம் எண்ணிக்கையில் இல்லை. பேசி முடித்தவர் ரிஸீவரை வைக்காமல் போனதுதான்! புரோகிராம் நடுவில் இடறினால், தொடர்பைத் திருப்பிக் கொடுக்கும் வரிக்கே வராமல் வெளியேறிவிடும். இப்படி ஒவ்வொன்றாய் 32-ம் கசிந்த பிறகு வருகிறவர் கதி? கிளாஸ்ஃபிஷ் 60 விநாடி காக்க வைத்துக் கையை விரிக்கும். டோம்கேட்டின் வழக்கமான பூலிலோ, கெடு எழுதி வைக்காவிட்டால் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாளன்று திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால், பாவம், அந்தக் குழந்தை என்ன செய்யும்?

2011-ல் வந்த ஜாவா 7, இடறினாலும் தொடர்பைத் தானே மூடிவிடும்படி எழுத வழி செய்தது. அதற்கு முந்திய புரோகிராம்களில் இந்த ஏற்பாடு இராது. வாங்கியதைக் குறித்த நேரத்துக்குள் திருப்பாதவர் யார் என்று குறித்து வைக்கும் வசதியும் இந்தச் சர்வர்களில் உண்டு. ஆனால் நாமாகத் திறந்து வைத்தால்தான் அது வேலை செய்யும்.

பூலைப் பெரிதாக்குமுன் அந்தக் குறிப்பைப் பார்த்தாயா என்று உங்கள் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று விழிப்பாள்!