அயல்நாட்டுப் பறவைகள், சிறு விலங்குகள் வளர்ப்போரின் கோரிக்கை மனு

பெறுநர்:
தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: வளர்ப்பு உயிரினங்களைப் பதிவு செய்ய மறுவாய்ப்பும், சிகிச்சை, ஒப்படைப்பு வசதிகளும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சன் கான்யூர், மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சுகர் கிளைடர், இகுவானா போன்றவற்றை வீட்டில் வளர்ப்பவர்களின் சங்கம் எங்களுடையது. விற்பனை செய்வோரை நாங்கள் உறுப்பினராகச் சேர்ப்பதில்லை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 1.4.2023 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் நான்காம் அட்டவணையில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் ஆறு மாதங்களுக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 28.2.2024 அன்று விதிகள் வெளியாயின. சட்டத்தை முழுமனதோடு வரவேற்கிறோம். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் சிக்கியதை நாடே பார்த்தது. அந்தக் கடத்தல் வணிகம் ஒழிய வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்த ஆறு மாதங்கள் பலருக்குத் தெரியாமலே கடந்துபோயின. தெரிந்தவர்களும் குழம்பினார்கள். பட்ஜிக்கும் காக்கட்டீலுக்கும் பதிவு தேவையில்லை. அதே கடையில் வாங்கிய சன் கான்யூருக்குத் தேவை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பதே குற்றம். அறிவியல் பெயர் கேட்கும் படிவத்தை, சந்தையில் ரசீது இல்லாமல் ஒரு ஜோடி வாங்கி வந்த குடும்பம் எப்படி நிரப்பும்? விடுபட்டவர்கள் இன்று பயத்தில் இருக்கிறார்கள். பறவைக்கு உடம்பு முடியாவிட்டாலும் மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தின் விலையை வாயில்லா உயிர்தான் கொடுக்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த சுகர் கிளைடருக்குப் பின்னங்கால்கள் செயலிழந்துவிடும். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்து மூச்சுக்கோளாறு வரும். இரண்டும் சரியான உணவால் தடுக்கக்கூடியவை. அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

எனவே, விடுபட்டவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு தரும்படி மத்திய அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். 2020இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், தம்மிடம் உள்ள அயல்நாட்டு உயிரினங்களைத் தாமாக முன்வந்து ஆறு மாதங்களுக்குள் அறிவித்தவர்களிடம் ஆவணம் கேட்காமல் பதிவை ஏற்றது. அந்த முன்மாதிரி போதும். கடத்தி வந்தவர்களும் இதில் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே ஒரு தேதிக்கு முன்பிருந்தே வளர்க்கப்படுபவை என்று உறுதியானவற்றுக்கு மட்டும், கால்நடை மருத்துவரின் சான்றும் கால்வளையம் அல்லது மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கி, இந்த வாய்ப்பைத் தரலாம். ஒருவர் பெயரில் இத்தனைதான் என்று வரம்பு வைத்தாலும் ஏற்கிறோம்.

ஒவ்வொரு மாவட்ட வன அலுவலகத்திலும் தமிழில் வழிகாட்டும் உதவி மையமும், எவை அட்டவணையில் உள்ளன என்பதைக் காட்டும் படப்பலகையும் வேண்டும்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியை எல்லோராலும் எட்ட முடியாது. மாவட்டத்திற்கு ஒரு கால்நடை மருத்துவருக்காவது அயல்நாட்டுப் பறவைகள், ஊர்வன பற்றிய பயிற்சி அளிக்கக் கால்நடை பராமரிப்புத் துறையிடம் தாங்கள் எடுத்துரைக்க வேண்டும்.

வளர்க்க முடியாதவர்கள், வழக்குக்கு அஞ்சாமல் ஒப்படைக்கும் மையங்களும் அவசரத் தேவை. உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சாக விற்கப்படும் சிவப்புக் காது ஆமை முக்கால் அடிக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. தொட்டியில் இடமில்லாமல் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உள்ள அந்த ஆமை, நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறிக்கிறது. மக்காவ் ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. வளர்த்தவர் காலமானபின் அதற்குப் போக்கிடம் வேண்டாமா?

2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்தி, பதிவில்லாத கடைகளை மூடவும், ரசீது இல்லாத விற்பனையைத் தடுக்கவும் வேண்டுகிறோம். வளர்ப்போரை மட்டும் கணக்கில் கொண்டுவந்து, விற்போரை விட்டுவிட்டால் சட்டம் பாதிதான் நிறைவேறும்.

எங்கள் உறுப்பினர்களின் வீடுகளைத் தங்கள் அலுவலர்கள் எப்போது வேண்டுமானாலும் ஆய்வு செய்யலாம். கணக்கெடுப்புக்கும் விழிப்புணர்வு முகாம்களுக்கும் எங்கள் செலவிலேயே ஆட்களை அனுப்புகிறோம். இக்கோரிக்கைகளை நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்